கூரையில்லாத லயம்

தபால் அட்டையைக் கையில் வாங்கியதும் தெரேசா கேட்டாள்: "அண்ணே, இது லயம்தானே? தகரத்தையெல்லாம் யாரு கழட்டிட்டுப் போனது?"

சோலைமலை மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தார். ஒரு மலை. அதன் முதுகில், தோட்டத்துக் குடும்பங்கள் குடியிருக்கும் லயங்களைப் போலக் கல்லால் கட்டிய அறைகள் வரிசை வரிசையாக இருந்தன. சுவர்கள் முழுதாக நின்றன. கூரை ஒன்றுக்கும் இல்லை. சரிவு முழுவதும் படிப்படியாகக் கல் அடுக்கி மண் நிரப்பியிருந்தது. தேயிலை மட்டும்தான் இல்லை. மற்றபடி இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைக்கு மேலே இருக்கும் எந்தத் தேயிலைத் தோட்டத்தையும் போலவே இருந்தது. மேகம் வந்து பாதி மலையை மூடியிருந்ததுகூட அப்படியேதான்.

பின்பக்கம் கடுகு கடுகாக எழுதியிருந்ததை அவர் படித்தார். "அன்புள்ள அம்மாவுக்கு, இது மாச்சுப்பிச்சு. பழைய ராசாக்கள் கட்டின ஊர். எல்லாரும் விட்டுப் போய்விட்டார்கள். ஏன் போனார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். புகைவண்டி மலையில் முன்னும் பின்னுமாக ஏறி வந்தது. துரைசாணி படம் வரைந்துகொண்டிருந்தார். நான் ஒரு அறைக்குள் போய் உட்கார்ந்தேன். நம் காம்பரா அளவுதான். அடுப்பு எங்கே இருந்திருக்கும் என்று தேடிப் பார்த்தேன்."

தெரேசா அட்டையை மறுபடி வாங்கி அந்த அறைகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "சாப்பிட்டானான்னு எழுதலையா?" என்று கேட்டாள்.

அது பெரு என்ற நாட்டிலிருந்து வந்த தபால் அட்டை. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி, ஆபிஸ் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அந்த நாட்டைச் சோலைமலைக்கு விரல் வைத்துக் காட்டியிருந்தார். இலங்கையிலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் உலகத்தின் மறுபக்கத்தில்தான் அது இருக்கிறது என்றார்.

தெரேசாவின் ஒரே மகன் சிறில் அங்கே இருந்தான். பங்களாவில் சமையல் அப்புவாக இருந்தவன். 1957இல், பழைய கட்டடங்களைப் படம் வரையும் வெள்ளைக்காரத் துரைசாணி ஒருவர் பொலன்னறுவையைப் பார்க்க வந்து, தோட்டத்துத் துரையின் விருந்தாளியாக இரண்டு மாதம் பங்களாவில் தங்கினார். சிறிலின் சமையல் பிடித்துப்போயிற்று. அடுத்த வேலைக்குப் பெருவுக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போனார். போவதற்கு, கடவுச்சீட்டுக்குப் பதிலாக, ஒரு தாள் கொடுத்தார்கள். திரும்பி வருவதற்கு வேறு தாள் வாங்க வேண்டும் என்றார்கள். எந்த நாட்டுக்காரன் என்று எழுத வேண்டிய இடத்தில் அந்தத் தாளில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது. தோட்டத்துத் தமிழர்களுக்கு அப்போது இலங்கைக் குடியுரிமையும் இல்லை, இந்தியக் குடியுரிமையும் இல்லை.

சோலைமலை தோட்டத்துத் தபால்காரர். காலையில் பூட்டிய தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம், நடந்து அக்கரப்பத்தனைக்குப் போவார். பகலில் திரும்பி வந்து பையை ஆபிஸில் கொடுப்பார். பெரிய கிளாக்கர் பூட்டைத் திறந்து, துரையின் கடிதங்களையும் ஆபிஸ் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு, லயத்துக்காரர்களின் கடிதங்களை ஒரு நூலால் கட்டிக் கொடுப்பார். சாயந்தரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கும்போது சோலைமலை கடிதக் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் வாசிக்கும்போது சொல்வதைப் போலவே, கூப்பிடப்பட்டவர் "இருக்கேன்" என்று சொல்லி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. சிரிப்பாகத் தொடங்கி நிலைத்துவிட்டது.

இருபத்தாறு வருடமாக அவர் அப்படிக் கூப்பிட்டு வந்தார். அந்தக் கட்டுக்குள் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. எழுதுவதற்கு யாரும் இல்லை. மனைவி காளியாயி போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. இந்தியாவில் இருந்த சித்தப்பா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. தபால் சுமப்பவனுக்கு எதற்குத் தபால் என்று, அதே லயத்தில் குடியிருந்த கொழுந்துக்காரி ராக்காயி கேலி செய்வாள். அவரும் சிரிப்பார்.

லயத்தில் தெரேசா குடியிருந்தது அவருக்குப் பக்கத்துக் காம்பராவில். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் சிறிலின் அட்டைகளைப் படித்துச் சொல்வதும், அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் அவர் வேலையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் சிற்றாலயத்தில் செபம் முடிந்து வந்த பிறகு அது நடக்கும். அவருக்கென்று ஒரு தகரக் கோப்பை அவள் அலுமாரித் தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதில் தேத்தண்ணி வரும். அட்டையை அவர் இரண்டு தடவை படிக்க வேண்டும். முதல் தடவை அவளுக்காக. இரண்டாம் தடவை, சுவரில் இருந்த மாதா படத்துக்காக.

அந்த இரண்டரை வருடத்தில் அந்தக் காம்பராவில் உட்கார்ந்தபடியே இருவரும் பெரு நாட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். லீமா என்ற தலைநகரத்தில் மழையே பெய்யாதாம், வெயிலும் அடிக்காதாம், மாதக்கணக்கில் மூட்டம் மட்டும் நிற்குமாம். வீடுகளின் முன்னால் மரத்தில் செதுக்கிய பெட்டி போல மேல்மாடங்கள் தொங்குமாம். பெண்கள் அதற்குள்ளிருந்து தெருவைப் பார்க்கலாம். தெரு அவர்களைப் பார்க்க முடியாது. மழை பெய்யாத ஊர் என்று கேட்டதும் ராக்காயி வாசலில் நின்றபடி, அப்படியானால் அங்கே அட்டைக்கடியும் இருக்காது, தன்னையும் அங்கே அனுப்பி வைக்க வேண்டும் என்றாள்.

குஸ்கோ என்ற ஊரில் பன்னிரண்டு மூலை வைத்துச் செதுக்கிய கல் ஒன்று சுவரில் இருந்தது. சுண்ணாம்பும் இல்லை, சேறும் இல்லை. கல்லோடு கல் அப்படியே உட்கார்ந்திருந்தது. சமையல் கத்தியின் நுனியைச் செருகிப் பார்த்ததாகவும், நுழையவில்லை என்றும், துரைசாணி திட்டியதாகவும் சிறில் எழுதியிருந்தான். அதே ஊரில், பழைய சூரியன் கோயிலின் மேல் வெள்ளைக்காரர்கள் தேவாலயம் கட்டியிருந்தார்கள். பத்து வருடத்துக்கு முன் பூமி அதிர்ந்தபோது மேலே கட்டியது இடிந்து விழுந்தது. உள்ளே மறைந்திருந்த பழைய கல் சுவர் அசையாமல் நின்றது.

அதைக் கேட்டுத் தெரேசா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்தவங்க சாமி வீட்டு மேல நம்ம வீட்டைக் கட்டலாமாண்ணே? மாதாவுக்கே பிடிச்சிருக்காது."

சோலைமலை நெற்றியில் விபூதி பூசுகிறவர். அந்த வார்த்தையை அவர் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அவளுக்கு மிகவும் பிடித்த அட்டை, அந்த ஊர்ப் பெரிய கோயிலில் இருக்கும் சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் படம். நூற்றாண்டுக் கணக்கான மெழுகுவர்த்திப் புகையில் திருமேனி கறுத்துப் போயிருந்தது. பூமி அதிர்ச்சியிலிருந்து காப்பவர் என்று ஊரார் நம்பினார்கள். பெரிய வெள்ளி வரும் பாடுகளின் வாரத்தில் அவரைத் தெருவில் தூக்கி வரும்போது சிவப்புப் பூக்களைத் தூவுவார்களாம்.

"நம்ம நெறம்," என்றாள் தெரேசா. அந்த அட்டை மாதா படத்தின் பக்கத்தில் ஏறியது.

பதில் எழுதுவதில் அவளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. சோலைமலை எந்தத் தாளை எடுத்தாலும் கை தானாகத் தலைப்பில் பிள்ளையார் சுழி போடும். முதல் கடிதத்தில் அப்படிப் போட்டுவிட்டார். தெரேசா கோபிக்கவில்லை. "அது உங்க சாமிண்ணே. உங்க கடுதாசில போடுங்க. இது எம் மகனுக்கு," என்று சொல்லி வேறு தாளில் எழுத வைத்தாள். அதிலிருந்து அவர் தலைப்பை வெற்றிடமாக விட்டுவிடுவார். எல்லாம் முடிந்த பிறகு அவள் பேனாவை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் போல இறுகப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு சிலுவை போடுவாள். நீளக்கோடு எப்போதும் சாய்ந்திருக்கும். இடக்கை நீளம், வலக்கை குட்டை. அவளுக்கு எழுதத் தெரிந்தது அவ்வளவுதான்.

1960 மாசி மாதத்தில் தெரேசா இறந்தாள். நெஞ்சுச் சளி. நாலு நாள் படுத்திருந்தாள். ஐந்தாம் நாள் காலை பெரட்டு மணி அடித்தபோது மூச்சு இல்லை. ராக்காயியும் இன்னும் இரண்டு பெண்களும் குளிப்பாட்டி உடுத்தினார்கள். கறுத்த ஆண்டவரின் அட்டையை மடித்த கைகளுக்கு நடுவில் வைத்தார்கள். ஓடைக்கு அப்பால் இருக்கும் கத்தோலிக்கக் கல்லறை மேட்டில் அடக்கம் செய்தார்கள்.

மகனுக்குத் தெரிவிக்க வேண்டுமே என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகு எல்லாரும் சோலைமலையைப் பார்த்தார்கள். கடிதம் என்றால் அவர்தானே. அவரும் எழுதுகிறேன் என்றார்.

அன்று எழுதியிருந்தால் இந்தக் கதை இல்லை. மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று ஒரு வாரம் போயிற்று. அதற்குள் ஒரு சாயந்தரம் மடுவத்தில் கட்டை அவிழ்த்தபோது நாலாவதாக ஒரு படம் வந்தது. நீல ஏரியில் புல்லால் பின்னிய படகு. அவர் யோசிக்கவே இல்லை. "தெரேசா," என்று கூப்பிட்டார்.

கூடைகளை நகர்த்திக்கொண்டிருந்த கைகள் நின்றன. தராசில் தொங்கிய கூடை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்றாள் ராக்காயி.

மறுநாள் பெரிய கிளாக்கர், ஆள் இல்லாத தபாலைத் திருப்பி அனுப்புவதுதான் முறை என்றார். சோலைமலை, தானே எழுதிப் போடுவதாகச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். கணேசமூர்த்தி இளகிய மனதுக்காரர். சரி என்று விட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்குப் போக இடம் இல்லை. பக்கத்துக் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு கல்லறை மேட்டுக்குப் போய், மரச் சிலுவைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து உரக்கப் படித்தார். டிட்டிகாக்கா என்ற ஏரி. அதன் நடுவில் கோரைப் புல்லை அடுக்கி அடுக்கித் தீவு செய்து, அதன் மேல் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். புல் அடியில் அழுக அழுக, மேலே புதுப்புல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மாதம் போடாமல் விட்டால் வீடு தண்ணீருக்குள் போய்விடும். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு வீட்டுக்கு வந்து பதில் எழுத உட்கார்ந்தார்.

அம்மா போய்விட்டாள் என்றுதான் எழுத வேண்டும். அதை எழுதினால் சிறில் ஒரு பதில் போடுவான், அதோடு முடிந்துவிடும். இனி எந்தப் படமும் வராது. ஞாயிற்றுக்கிழமை வரும், போகும்.

"அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம்," என்று எழுதினார்.

பிள்ளை தூர தேசத்தில் தனியாகக் கிடந்து துடிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதினேன் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். தன் பசிக்கு மனிதன் இரக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் அதை அடக்குவது கடினம். எழுதி முடித்துப் பார்த்தபோது தலைப்பில் பிள்ளையார் சுழி இருந்தது. எப்போது போட்டாரோ. வேறு தாள் இல்லை. சுழியின் மேலும் கீழும் இழுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டுச் சிலுவையாக்கினார். அது வயிறு வீங்கின சிலுவையாக இருந்தது. அப்படியே ஒட்டிவிட்டார்.

கிளாக்கர் வழக்கம்போல மேலே ஆங்கிலத்தில் முகவரி எழுதிக் கொடுத்தார். அனுப்புபவர் இடத்தில் அவர் எப்போதும் தோட்டத்தின் பெயரை மட்டும்தான் போடுவார். "பையன் மனசு தேறிட்டானா?" என்று கேட்டார்.

சோலைமலை தலையை ஆட்டினார்.

அட்டைகள் தொடர்ந்து வந்தன. வெள்ளைக் கல்லாலேயே கட்டிய அரெகிப்பா நகரம். அதற்குப் பின்னால் பனி மூடிய எரிமலை. ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பிறந்தது போல ஒரு மிருகம். கோபம் வந்தால் முகத்தில் துப்புமாம். மலை உயரத்தில் தலை சுற்றினால் குடிக்க ஒரு இலையைக் கொதிக்க வைத்துக் கொடுப்பார்களாம். "தேயிலை இல்லை அம்மா. ஆனால் குடிக்கும்போது உன் அடுப்படி ஞாபகம் வந்தது," என்று எழுதியிருந்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு அட்டையிலும் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்பான். இப்போது கேட்கவில்லை. சோலைமலை அதைக் கவனித்தார். ஆனால் யோசித்துப் பார்க்கவில்லை. மடுவத்தில் அந்த அட்டைகளை அவர் கூப்பிடுவதில்லை. கட்டிலிருந்து உருவிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அம்மா பெயருக்கே எழுதுவது அவனுக்கு ஆறுதல் என்று கிளாக்கரிடம் சொல்லி வைத்திருந்தார். இரண்டு மூன்று பதில்களும் போட்டார். ஒவ்வொன்றிலும் நான் சுகம்.

கார்த்திகையில் அட்டைக்குப் பதிலாக ஒரு கடித உறை வந்தது.

துரைசாணியின் வேலை முடிகிறதாம். மாசியில் அவர் தம் நாட்டுக்குப் புறப்படுகிறார். குஸ்கோவில், ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்கும் ஓட்டல் ஒன்றில் சிறிலைச் சமையலுக்குக் கேட்கிறார்கள். திரும்பி வருவதென்றால், துரைசாணி கிளம்புவதற்கு முன் அவரைக் கொண்டு தாளுக்கு எழுத வேண்டும். அவர் போன பிறகு எழுதித் தர ஆள் கிடையாது. "அம்மா, நீ வா என்றால் வருகிறேன். இரு என்றால் இருந்துவிடுகிறேன். எதைச் சொன்னாலும் அதன்படிதான். தாமதிக்காமல் எழுது."

சோலைமலை அதை நாலைந்து தடவை படித்தார்.

வா என்று எழுதினால் அவன் வருவான். வந்து இறங்கியதும் ஓடைக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பத்து மாதம் யார் எனக்கு எழுதினது என்று கேட்பான். இரு என்று எழுதினால் எந்தச் சங்கடமும் இல்லை. அவன் அங்கே இருப்பான். படங்கள் வரும். ஒருவருக்கும் தெரியாது. ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தையில் ஒருவனுடைய வாழ்நாள் இருந்தது. அதைச் சொல்ல உரிமையுள்ளவள் மண்ணுக்குள் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்து, "அங்கேயே இரு மகனே" என்று எழுதிவிட்டார். தலைப்பில் சிலுவை போட வேண்டும். பேனா இறங்கவில்லை. எழுந்து, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கல்லறை மேட்டுக்கு நடந்தார்.

அங்கே ராக்காயி இருந்தாள். தெரேசாவின் மேட்டைச் சுற்றிப் புல்லைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மரச் சிலுவையின் அடியில் காட்டுப் பூக்கள் கொஞ்சம் கிடந்தன. மழையில் சரிந்த மண்ணைக் கையாலேயே அணைத்திருந்தாள். சோலைமலைக்கு ஆச்சரியமாக இருந்தது. ராக்காயி மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவள்.

மாதம் ஒருமுறை வந்துவிட்டுப் போவதாக அவள் சொன்னாள். பெற்ற பிள்ளை செய்ய வேண்டியது. அவன் பாவம் அங்கேயிருந்து வர முடியுமா, அதுதான் அவனுக்குப் பதிலாகச் செய்வதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு, புல்லைப் பிடுங்கியபடியே, "சேதி தெரிஞ்சப்ப அந்தப் புள்ளை எப்படி அழுதிச்சோ. தோளைப் பிடிக்க யாரு இருந்திருப்பா அந்த ஊர்ல," என்றாள்.

சோலைமலை குந்தி உட்கார்ந்தார். அழ வேண்டிய பிள்ளையைத் தான் அழ விடவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. படங்களைத்தான் எடுத்துக்கொண்டதாக நினைத்திருந்தார். எடுத்துக்கொண்டது அதைவிடப் பெரியது.

"அவனுக்குத் தெரியாது ராக்காயி," என்றார். "நான் எழுதல."

எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையில் புல்லோடு கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். மேகம் ஓடையைத் தாண்டி ஏறி வந்தது. கடைசியில் அவள் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

"எழுதிப் போடுங்கண்ணே. உங்க பேர்லயே எழுதுங்க."

நாலடி போய்த் திரும்பி, சாயந்தரம் ரொட்டி சுடப் போவதாகவும் இரண்டு கொண்டுவந்து வைப்பதாகவும் சொன்னாள். மனிதர் ஒருவர் தவறு செய்தார் என்று தெரிந்த பிறகும் அவருக்கு ரொட்டி சுட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கடவுள் உலகத்தைத் தாங்கிக்கொள்வது அவர்களைக் கொண்டுதான் என்று தோன்றுகிறது.

அன்று எழுதிய கடிதம் நீளமானது அல்ல. அம்மா மாசி பதினாலாம் நாள் போனது, யார் குளிப்பாட்டினார்கள், கையில் எந்த அட்டை இருந்தது, எந்த இடத்தில் அடக்கம், பிறகு வந்த கடிதங்களை எழுதியது யார், எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார். "உன் படங்கள் நின்றுவிடும் என்று பயந்து செய்தேன். வேறு காரணம் சொன்னால் அதுவும் பொய். மன்னிக்க முடியாவிட்டால் மன்னிக்க வேண்டாம். வருவதா இருப்பதா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வருவதென்றால் என் காம்பராவில் இடம் இருக்கிறது." தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டிருந்தது. இந்தத் தடவை அதை அப்படியே விட்டார். அவர் கடிதம்தானே.

கிளாக்கர் முகவரி எழுதியபோது, அனுப்புபவர் இடத்தில் தம் பெயரைப் போடும்படி சோலைமலை சொன்னார். கணேசமூர்த்தி ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

பிறகு காத்திருப்பு. மார்கழி மழை விடாமல் பெய்தது. பையைச் சாக்குக்குள் சுற்றிக்கொண்டு நாலு கட்டை போய் நாலு கட்டை வந்தார். தினமும் மடுவத்தில் கட்டை அவிழ்த்தார். பொங்கலுக்கு இந்தியாவிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. யார் யாரோ "இருக்கேன்" என்றார்கள். சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ள ஒன்றும் வரவில்லை. ராக்காயி கேட்பதில்லை. வரிசையில் நின்றபடி அவர் கையை மட்டும் பார்ப்பாள்.

தை கடைசியில் ஒரு சாயந்தரம். கட்டில் ஐந்தோ ஆறோ கடிதங்கள் இருந்தன. ஆண்டியப்பனைக் கூப்பிட்டார். அவன் வந்து வாங்கினான். நாகலெட்சுமியைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைத் தலைத்துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அடுத்த உறையை எடுத்து, கண்ணுக்கு எதிரே பிடித்து, "சோ" என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

வரிசை காத்திருந்தது.

"யாருக்குண்ணே?" என்றாள் ராக்காயி. "கூப்பிடுங்க. கூப்பிட்டாத்தானே ஆள் வரும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சோலைமலை," என்று கூப்பிட்டார்.

யாரோ சிரித்தார்கள். கங்காணி பொன்னையா, வழக்கப்படி ஆள் பதில் சொல்லாவிட்டால் தபால் கிடையாது என்றார். சோலைமலை உறையையும் மடுவத்தையும் பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் சொல்லாத வார்த்தை அது.

"இருக்கேன்," என்றார்.

கடிதத்தை அவர் அங்கே பிரிக்கவில்லை. ஓடையைத் தாண்டி மேட்டுக்குப் போனார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. ராக்காயி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

"அன்புள்ள சோலைமலை மாமாவுக்கு," என்று தொடங்கியிருந்தது. "உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு முன்பே தெரியும். சித்திரையில் வந்த கடிதத்தில் அம்மாவின் சிலுவை இல்லை. உங்கள் சுழிக்கு மேல் யாரோ கோடு போட்டிருந்தார்கள். அம்மா உயிரோடு இருந்தால் அந்தத் தாளைப் போக விட்டிருக்க மாட்டாள். அன்றைக்கே கறுத்த ஆண்டவர் கோயிலுக்குப் போனேன். அங்கே ஒரு கிழவி எனக்குத் தெரியாத பாஷையில் ஏதோ சொல்லி, மெழுகுவர்த்தியைப் பாதி ஒடித்துக் கொடுத்தாள். அழுதேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

"உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள். அதற்குப் பிறகு நான் யாருக்குப் படம் அனுப்புவது? என்னை அறிந்தவர் அந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆகையால் நானும் சும்மா இருந்தேன். நீங்கள் செய்தது தப்பு என்றால் நான் செய்ததும் அதேதான்.

"வரவா என்று கேட்டது அம்மாவிடம் அல்ல. இனிமேல் அங்கே என்னை வா என்று சொல்ல ஆள் உண்டா என்று பார்த்தேன். காம்பராவில் இடம் இருக்கிறது என்று எழுதினீர்கள். அதைப் படித்த அன்றே துரைசாணியிடம் சொல்லித் தாளுக்கு எழுதிவிட்டேன். கிடைக்குமோ கிடைக்காதோ. எந்த நாட்டுக்காரன் என்று கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும் வரை உங்களுக்கு எழுதிக்கொண்டிருப்பேன்."

சோலைமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாம் தடவை படிக்க வேண்டும்; அது வழக்கம். கடிதத்தை முதலிலிருந்து மறுபடி விரித்தார். ராக்காயி உறைக்குள் கையை விட்டு, உள்ளே இன்னொன்று இருக்கிறது என்றாள்.

அது ஒரு அட்டை. அதே மலை, அதே கல் அறைகள், அதே மேகம். ஆனால் சரிவின் மேலே, தனியாக நின்ற ஒரு அறைக்குப் புல்லால் கூரை போட்டிருந்தது. காவல்காரர் இருந்த இடமாம். மழை வந்தால் ஊர் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்த ஒன்றுக்குள்தான் ஓடி நிற்பார்களாம்.

ராக்காயிக்கு அதைக் காட்டினார். பிறகு குனிந்து, அட்டையை மரச் சிலுவைக்கு நேரே திருப்பிப் பிடித்தார்.

"தெரேசாம்மா," என்றார். "ஒரு காம்பராவுக்குக் கூரை போட்டுட்டாங்க."

தூறல் தொடங்கியிருந்தது. ராக்காயி தன் தலைத்துண்டை எடுத்து அவர் கையிலிருந்த அட்டையின் மேல் பிடித்தாள்.